பள்ளிக்கூடத் திடலைச் சீர்படுத்தச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள ஓர் அரசு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் பி.டி.ஏ.விலிருந்து, அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து, வந்த கேள்வி இது. பள்ளிக்கு 60 சென்ட் திடல் இருக்கிறது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் வெடிப்பு. ஓர் அடி மண் கொட்டி உயர்த்தி, ஓரத்தில் நிற்கும் இரண்டு வேப்பமரங்களை எடுத்துவிட்டு ஊஞ்சலும் சறுக்குமரமும் வைக்க முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவர், "பள்ளிகளுக்கு இருந்த விலக்கை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் ஒரு லோடு இறக்கினாலும் கேஸ் வரும்" என்று எழுந்து சொல்லியிருக்கிறார். இன்னொருவருடைய உறவுக்காரர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். அங்கே பிள்ளைகளின் பள்ளியில் திடலை மாற்றியபோது 'விலக்கு அறிவிப்பு' என்று ஒரு தாள் பதிவு செய்தார்களாம். நாமும் அப்படி ஒன்று வாங்கிவிடலாம் என்பது அவருடைய யோசனை. யார் சொல்வது சரி?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் திடலுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. எங்கேயும் போய் விலக்கு வாங்கவும் வேண்டாம். ஆனால் அங்கே கொட்டப்போகும் மண், அந்த இடத்தின் வருவாய்ப் பதிவு, நீங்கள் வெட்ட நினைக்கும் மரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. பெரிய அனுமதி வேண்டாம் என்று தெரிந்ததும் இவற்றை மறந்துவிட்டு ஜேசிபியை வரச்சொல்லிவிடுவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுப்ரீம் கோர்ட் விஷயம் என்ன என்று பார்ப்போம். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14 அன்று வந்த அறிவிக்கை, எந்தெந்தத் திட்டங்கள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று பட்டியல் போட்டது. அதில் கட்டடங்களுக்கான வரம்பு 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு. அதற்கு மேல் போனால்தான் அனுமதி. 2014 டிசம்பரில் மத்திய அரசு, அந்த வரம்பைத் தாண்டினாலும் பள்ளி, கல்லூரி, கல்வி நிறுவன விடுதி, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டாம் என்று சில நிபந்தனைகளோடு விலக்கு கொடுத்தது. 2024 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 ஜனவரி 29 அன்று வேறோர் அறிவிக்கை வழியாக அதே விலக்கு திரும்ப வந்தது. அந்தப் பகுதியைத்தான் 2025 ஆகஸ்ட் 5 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. கல்வி நிறுவனம் என்பதற்காக மட்டும் ஒரு பிரம்மாண்டக் கட்டடத்துக்குத் தனிச் சலுகை ஏன் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. எனக்கு அந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. 20,000 சதுர மீட்டர் கட்டடம் எவ்வளவு தண்ணீர் உறிஞ்சும், எவ்வளவு கழிவு தள்ளும் என்பது அதற்குள் நடப்பது பாடமா வியாபாரமா என்பதைப் பொறுத்ததில்லை.

அந்தத் தீர்ப்பு உங்களைத் தொடவே இல்லை. 60 சென்ட் என்பது ஏறத்தாழ 2,430 சதுர மீட்டர். அதுவும் திறந்தவெளி. அறிவிக்கை கணக்கெடுப்பது எல்லாத் தளங்களையும் சேர்த்து, மூடிய கட்டடப் பரப்பை மட்டும். ஊஞ்சலுக்குக் கூரை கிடையாது. உங்கள் திடல் வரம்புக்கு உள்ளே வந்து பிறகு விலக்கு பெறுகிற ஒன்று இல்லை, தொடக்கத்திலிருந்தே வரம்புக்கு வெளியே நிற்கிறது. கூட்டத்தில் பேசியவருக்கு இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அவர் செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டாலும், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டார்.

சரி, கலிஃபோர்னியா? அங்கே முறை தலைகீழ். 1970இல் வந்த அவர்களுடைய மாநிலச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி, அரசு அமைப்பு செய்கிற அல்லது அனுமதிக்கிற எந்தத் திட்டமும் முதலில் வலைக்குள் வந்துவிடும். பிறகு சிறு வேலைகளை வகை வகையாகப் பிரித்து வெளியே விடுவார்கள். பள்ளிகளுக்கென்றே 14ஆம் வகை இருக்கிறது. இருக்கும் வளாகத்துக்குள் சிறு சேர்ப்பு, அதுவும் மாணவர் கொள்ளளவை 25 சதவீதத்துக்கு மேலோ பத்து வகுப்பறைக்கு மேலோ, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் கூட்டாமல் இருக்க வேண்டும். நிலத்தைச் சமப்படுத்துவது போன்ற வேலைகளுக்கு 4ஆம் வகை. சரிவு 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், சதுப்பு நிலமாகவோ நீர்வழியாகவோ இருக்கக் கூடாது, நன்றாக வளர்ந்த ஆரோக்கியமான மரங்களை அகற்றக் கூடாது. இந்த வகைகளில் அடங்கினாலும் சில இடங்களில் விலக்கு செல்லாது. நச்சுக் கழிவு இடமாகப் பட்டியலில் உள்ள நிலம் அதில் ஒன்று. ஒரே இடத்தில் ஒரே மாதிரி வேலைகள் அடுத்தடுத்து வந்து மொத்தப் பாதிப்பு பெரிதாவது இன்னொன்று. உறவுக்காரர் பார்த்த தாள் அந்த விலக்கைப் பதிவு செய்கிற அறிவிப்பு. அதைப் பதிவு செய்தால் வழக்குப் போட நினைப்பவருக்கு 35 நாள்தான் அவகாசம், செய்யாவிட்டால் 180 நாள். அங்குள்ள பள்ளி நிர்வாகங்கள் அந்தத் தாளை விரும்புவதற்கு அது பெரிய காரணம்.

அந்தத் தாளுக்கு இங்கே இணை கிடையாது. வாங்கப் போனால் எந்த அலுவலகம் என்றே தெரியாமல் அலைய வேண்டியதுதான். ஆனால் அவர்கள் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, ஈர நிலமா, மரம் போகிறதா, மண்ணில் நஞ்சு இருக்கிறதா என்று, அவை நமக்கும் அப்படியே பொருந்தும். நம் சட்டங்கள் அவற்றை ஒரே இடத்தில் கேட்காமல் நாலு அலுவலகங்களில் பிரித்து வைத்திருக்கின்றன.

முதலில் வில்லேஜ் ஆபீஸுக்குப் போங்கள். பள்ளியின் சர்வே எண்ணுக்கு அடிப்படை வரிப் பதிவேட்டில், அதாவது பி.டி.ஆரில், 'நிலம்' (வயல்) என்று இருக்கிறதா 'புரயிடம்' (மேட்டு நிலம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். சித்தூர் தாலுகாவில் பழைய பள்ளிகள் பல, யாரோ ஒரு பெரியவர் கொடுத்த வயலில் எழும்பியவை. பள்ளி வந்து தலைமுறை கடந்திருக்கும், பதிவேட்டில் மட்டும் இன்னும் வயலாகவே இருக்கும். கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் டேட்டா பேங்கில், அதாவது வயல், ஈரநிலப் பட்டியலில், இடம் சேர்ந்திருந்தால் ஒரு லோடு மண்கூடக் கொட்டக் கூடாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை அபராதம், டிப்பரும் பறிமுதல். பள்ளிக்கூடம், சின்ன வேலை, நல்ல நோக்கம் என்பதெல்லாம் அங்கே தானாக விலக்காகாது. பொதுக் காரியத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் அரசுதான் தர வேண்டும்.

டேட்டா பேங்கில் தவறாகச் சேர்ந்திருந்தால் நீக்கக் கேட்டு ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்ட அதிகாரிக்கு) ஐந்தாம் படிவத்தில் விண்ணப்பம் போடலாம். டேட்டா பேங்கில் இல்லாமல் பி.டி.ஆரில் மட்டும் 'நிலம்' என்றிருந்தால் 2018 திருத்தத்தில் வந்த 27ஏ பிரிவு, நிலப் பயன்பாட்டை மாற்ற வழி கொடுக்கிறது. இடம் 1967ஆம் ஆண்டின் நிலப் பயன்பாட்டு ஆணை வருவதற்கு முன்பே மேடாக்கப்பட்டது என்று காட்ட முடிந்தால் இன்னும் எளிது. பழைய சேர்க்கைப் பதிவேடு, கட்டடக் கல்வெட்டு, இன்ஸ்பெக்டர் வந்துபோன பதிவு எல்லாம் அதற்கு உதவும், ஹெட்மாஸ்டர் அறை பீரோவில் தேடுங்கள். முதல் படியாக கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) விசாரித்துவிடுங்கள். நெல்வயல் சட்டத்தின் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவுக்குக் கன்வீனர் வேளாண் அலுவலர்தான்.

அடுத்தது மண். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். 60 சென்ட்டில் ஓர் அடி உயர்த்த வேண்டுமென்றால் சுமார் 261 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் வேண்டும். மூன்று யூனிட் டிப்பரில் 87 லோடு. ரோலர் ஓட்டி இறுக்கினால் அதற்கும் மேல் ஆகும். அவ்வளவு மண்ணும் எங்கேயோ ஒரு குன்றை, ஒரு மேட்டைக் கரைத்துத்தான் வர வேண்டும். உங்கள் திடலுக்குத் தேவைப்படாத சுற்றுச்சூழல் அனுமதி, அந்த மண்ணைத் தோண்டும் இடத்துக்குத் தேவைப்படும். 2012இல் உச்ச நீதிமன்றம், மண் போன்ற சிறு கனிமக் குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் நடக்கக் கூடாது என்றது. அதன் பிறகு 2016 ஜனவரியில் வந்த திருத்தம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளையும் முறைப்படி உள்ளே கொண்டுவந்தது. கேரளத்தில் சாதாரண மண் ஏற்றிவரும் வண்டிக்கும் கனிம, புவியியல் துறையின் பாஸ் வேண்டும். ஒப்பந்தக்காரர் "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு லோடின் பாஸ் நகலும் பள்ளி ஃபைலில் இருக்கட்டும்.

குளம், ஏரி தூர்வாரும் மண்ணைக் கொண்டுவரலாமே என்று யாராவது கேட்பார்கள். அரசுத் திட்டங்களில் ஊர்க் குளத்தைத் தூர்வாருவதற்கு அந்த 2016 திருத்தத்திலேயே விலக்கு இருக்கிறது. சட்டப்படி எளிதான மண் அதுதான். ஆனால் திடலுக்கு அது ஆகாது. வண்டல், உங்கள் கரிசலைப் போலவே ஈரத்தில் ஊதும், காய்ந்தால் பிளக்கும். பள்ளித் தோட்டத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள், காய்கறி நன்றாக வரும்.

இலவச மண் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000இல் தொடங்கி 2004இல் நின்றுபோன குளிர்பான ஆலையின் கழிவுச் சேற்றை, உரம் என்று சொல்லி விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2003இல் அதைச் சோதித்தபோது காட்மியமும் ஈயமும் இருந்தது தெரியவந்தது. அந்த விவசாயிகள் யாரும் கேட்காமல் வாங்கியது காசில்லாமல் கிடைத்ததால்தான். திடலில் உருளுவதும் கைகழுவாமல் சாப்பிட உட்காருவதும் ஆறு வயதுப் பிள்ளைகள். தொழிற்சாலை வளாகத்து மண், பல ஆண்டு மருந்தடித்த மாந்தோப்பு மண், இடித்த கட்டடக் குப்பை, இவை எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துப் பள்ளத்தில் போட்டு மேலே மண் மூடுவதை நான் நேரில் பார்த்து நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அந்த நார் மூச்சில் போனால் என்ன ஆகும் என்பது ஊரறிந்தது. சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 87 லோடுக்கான செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இப்போது நான் உங்கள் திட்டத்தையே கொஞ்சம் மாற்றச் சொல்லப்போகிறேன். ஓர் அடி வேண்டாம். சித்தூரின் கிழக்குப் பகுதிக் கரிசல் மண்ணில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் திடல் தாழ்ந்திருப்பது மட்டும் இல்லை. நீர் வெளியேற வழியில்லை, உள்ளே இறங்கவும் மண் விடாது. மேலே எவ்வளவு கொட்டினாலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கும். நிலத்தை முதலில் கோடையில், நன்றாகக் காய்ந்த நிலையில் சமப்படுத்துங்கள். நடுவைச் சற்று உயர்த்தி இரு பக்கமும் 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் சரிவு கொடுங்கள். மேலே சராசரியாக அரை அடிக்கு, சரளை கலந்த செம்மண் போட்டு ரோலர் ஓட்டுங்கள். 44 லோடில் வேலை முடிந்துவிடும். பணமும் பாதி மிச்சம், குன்றும் பாதி மிச்சம். வெடிப்பு முழுதாக நிற்காது, ஆனால் மழை விட்ட மறுநாள் பிள்ளைகள் ஓடலாம். இரு ஓரத்திலும் கால்வாய் வெட்டி, தண்ணீரைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு பெரிய உறிஞ்சு குழியில் இறக்குங்கள். கரிசலைத் தாண்டிக் கீழே சரளையோ உக்கிப்போன பாறையோ வரும் ஆழம் வரைக்கும் தோண்டினால்தான் அந்தக் குழி வேலை செய்யும்.

தண்ணீர் எங்கே போகிறது என்று எந்த அலுவலகமும் உங்களிடம் கேட்காது. பக்கத்துத் தோட்டக்காரர் கேட்பார். திடலை ஓர் அடி உயர்த்தினால் அதுவரை திடலில் நின்ற தண்ணீர் அவருடைய தென்னைக்கோ பள்ளியின் தாழ்ந்த வகுப்பறைக்கோ போகும். இப்படித் தொடங்கிய மனக்கசப்பு வழக்காகிப் பள்ளி மதில் வேலையே நின்றுபோனதை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறோம். வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை தொடங்கும் முன்னால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்.

வேப்பமரங்கள். வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அரசுப் பள்ளி வளாகத்து மரம் அரசுச் சொத்து, பி.டி.ஏ. தீர்மானம் போட்டு வெட்ட முடியாது. சமூக வனத்துறை வந்து மதிப்புப் போட வேண்டும், பிறகு ஏலம், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அதைவிடப் பெரிய காரணம் வெயில். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. இரும்புச் சறுக்குமரம் வெட்டவெளியில் இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் எந்தப் பிள்ளையும் உட்கார முடியாது. ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் மர நிழல் விழும் பக்கமாகத் தள்ளி வையுங்கள். காய்ந்த கிளை இருந்தால் அதை மட்டும் அனுமதியோடு கழிக்கலாம். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்கவும் வேண்டாம், வேர் மூச்சுவிட முடியாமல் சில ஆண்டில் மரம் பட்டுப்போகும்.

செயற்கைப் புல் போடலாம் என்று உபயதாரர் யாராவது வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நம் வெயிலில் அது சுடும், சில ஆண்டில் கிழிந்து பிளாஸ்டிக் குப்பையாகும். அதில் தூவும் ரப்பர்த் துகள் போன்ற நுண்பிளாஸ்டிக் நிரப்பிகளை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தடை கொண்டுவந்தது, அவகாசம் கொடுத்துப் படிப்படியாக 2031க்குள் நிறுத்தப் போகிறார்கள். இயற்கைப் புல்தரையும் தண்ணீர் கேட்பதால் நமக்கு ஒத்துவராது. ஆழியாறு தண்ணீருக்காக, தமிழ்நாட்டுடனான ஒப்பந்தப்படி மணக்கடவில் வர வேண்டிய 7.25 டி.எம்.சி.க்காக ஆண்டுதோறும் காத்திருக்கும் தாலுகா இது. இரும்புச் சாமான்களுக்கு அடிக்கும் பெயிண்டில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுக்கு அந்த விதி இல்லை. டப்பாவில் 'ஈயம் 90 பி.பி.எம்.முக்குக் கீழ்' என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெல்டிங் பட்டறையில் கிடைப்பதை அடித்துவிட வேண்டாம்.

இந்தப் பதிலைப் படிக்கும் அட்டப்பாடி, பரம்பிக்குளம், மறையூர்ப் பக்கத்துப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பள்ளி வன நிலத்தில் இருந்தால் மேலே சொன்னது போதாது, வனச் சட்டம் குறுக்கே வரும். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவு, பள்ளி உட்பட 13 வகை அரசு வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் போகாமல், நிலம் ஒதுக்க வழி வைத்திருக்கிறது. கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். அந்தத் தீர்மானத்தை ஊர் கூடிப் போடுங்கள், வேறு யாரும் உங்களுக்காகப் போட முடியாது.

கடைசியாகக் காகிதம். சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி பி.டி.ஏ. மினிட்ஸில் சேர்த்துவிடுங்கள். திடலின் அளவு, பி.டி.ஆர். நிலை, டேட்டா பேங்கில் இல்லை என்பதற்கான சான்று, மண் வரும் இடம், தண்ணீர் போகும் வழி, மரம் எதுவும் வெட்டவில்லை என்ற உறுதி, இவ்வளவு போதும். நகலைப் பஞ்சாயத்துச் செயலருக்கும் ஏ.இ.ஓ.வுக்கும் (உதவிக் கல்வி அலுவலருக்கும்) கொடுத்து சீல் வாங்குங்கள். கலிஃபோர்னியாத் தாள் அங்கே செய்கிற வேலையில் பாதியை இது இங்கே செய்யும், நாளைக்கு யாராவது புகார் எழுதினால் பதில் கையில் இருக்கும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனுக் கொடுக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு தருகிறது. மலையாள நகலையும் சேர்த்து வைத்தால் மேசைக்கு மேசை வேகமாக நகரும் என்பது அனுபவம்.

இன்னொரு விஷயத்தையும் மினிட்ஸில் எழுதச் சொல்வேன்: இந்த இடம் திடலாகவே இருக்கும், தண்ணீர்த் தொட்டியோ கட்டடமோ இங்கே வராது. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், பத்தனம்திட்டையில் ஒரு தொடக்கப் பள்ளித் திடலில் தொட்டி கட்டும் திட்டம் தொடர்பான வழக்கில், விளையாட்டுத் திடல் இல்லாத பள்ளிகளை மூடவும் தயங்கக் கூடாது என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசியது. அந்தத் தீர்ப்பின் நகலையும் ஃபைலில் வையுங்கள்.

வேலையைப் பிப்ரவரியில் தொடங்கி மே நடுவில் முடித்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஃபிட்னஸ் சான்றுக்கு இன்ஜினியர் வருவார், ஊஞ்சல் கால்களின் கான்கிரீட்டையும் அப்போதே பார்க்கச் சொல்லலாம். கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் கரிசலில் டிப்பர் இறங்காது.